நாற்பத்தொன்றாம் வழி

காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் ஓய்ந்திருந்த ஒரு தை மாதத்தில் அந்த வேலை வந்தது. சிவகாசியில் அப்போது நான் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் டிசைன் அறையில் இருந்தேன். அடுத்த வருஷத்து மாதிரிகளுக்காகச் சாமி படங்களின் பின்னணி மேகங்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, மேனேஜர் வந்து மேஜையில் ஒரு கவரைப் போட்டார். சென்னை ஏஜென்ட் மூலமாக வந்த வெளிநாட்டு ஆர்டர். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகம். ஏதோ ஒரு தேசத்தில், மலையும் காடுமாகக் கிடக்கும் பகுதியில், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான நாற்பது வழிகள். ஒரு வழிக்கு இரண்டு பக்கம். மேலே வரைபடம், நடுவில் விவரம், அடியில் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு கோட்டுப் படம்.

புரூஃப் பார்க்க எங்கள் அறையிலேயே ஒரு பெண் இருந்தாள். எழுதும்போது அவள் என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் நான் அவளை ஒருமையில் கூப்பிட்டதில்லை, அவளும் என்னை அப்படித்தான். டவுனில் வியாபாரக் குடும்பம். கல்லூரியில் ஆங்கிலம் படித்திருந்தாள். காலையில் அவளுடைய அண்ணன் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவார், சாயங்காலம் வாசலில் நின்று ஒரு தடவை ஹாரன் அடிப்பார். கறுப்புத் துப்பட்டாவைத் தலையிலிருந்து நழுவவிடாமல் பல்லால் லேசாகக் கடித்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் வரிவரியாக ஊர்ந்துபோவாள். இரண்டு சொல்லுக்கு நடுவில் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால்கூட அந்தப் பேனா நின்றுவிடும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அந்தப் பேனா ஒரு பக்கத்தின் மூலையில் நின்றது.

"இது என்ன படம்? எல்லாப் பக்கத்துலயும் வருது."

ஒரு வட்டம். உள்ளே ஒரு கார். காரின் மேல் குறுக்காக ஒரு கோடு.

"கார் போகக் கூடாதுன்னு போட்டிருக்காக" என்றேன்.

"கார் மட்டுமா?"

"லாரி, பைக்கு, எதுவுமே. சைக்கிளும் ஆளும் மட்டுந்தான் போற ரோடு."

அவள் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு ரோட்ட அப்படியே சைக்கிளுக்குன்னு விட்டுட்டாகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போனாள்.

எனக்கு அந்தப் படம் மனதில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் பிறத்தியார் காட்டில் களை வெட்டியவர்கள், பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள். காலை ஏழரை மணிக்கு அந்த ரோட்டில் கம்பெனி வேன்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பறக்கும். எதிரே காகித லோடு, பின்னால் பட்டாசு லோடு. ஹாரன் சத்தம் கேட்டதும் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்று, புழுதி அடங்கியதும் மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். ஒரு தடவை ஒரு வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி தோளில் தட்டி, கருவேலமுள்ளுக்குள் போய் விழுந்தேன். சைக்கிள் மிதிப்பது என்றால் பின்னால் வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே போவது என்றுதான் எனக்குத் தெரியும். காது சும்மா இருக்க, கால் மட்டும் மிதிக்கிற ஒரு ரோட்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எனக்கு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டத்தான் வரும். பக்கத்தை அழகாக அமைத்துவிடுவேன், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்ததும், மறுபடி வேலை தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு வழியை எடுத்துத் தமிழில் சொல்லிக்காட்ட ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே ஆரம்பித்தாள்.

"இது பழைய ரயில் பாதயாம். தண்டவாளத்தப் பேத்துட்டு சைக்கிளுக்கு விட்டுட்டாக. பதினெட்டு கிலோமீட்டர். ஏத்தம் இருக்குறதே தெரியாது, ஆனா ஏறிக்கிட்டேதான் இருப்பீகங்கிறான். நடுவுல ஒரு குகை. உள்ள குளுருமாம், சட்ட ஒண்ணு கூட எடுத்துக்கங்கன்னு போட்டிருக்கு."

இன்னொரு நாள்: "இது பதினேழாவது. ஆத்தோரமா போகுது. ஒரு மரப்பாலம் வரும். பாலத்தத் தாண்டுனா எடது கைப்பக்கம் பாறையில ஊத்துத் தண்ணி விழுகுமாம். குடிக்கலாமாம். அதுக்கப்புறம் ரெண்டு கிலோமீட்டருக்கு மிதிக்கவே வேண்டாம், எறக்கம்."

படிக்கும்போது அவள் குரல் மாறிவிடும். 'நீங்க எறங்குவீக, நீங்க திரும்புவீக' என்று அந்தப் புத்தகம் படிக்கிறவரைப் பார்த்துப் பேசுவதை அவளும் அப்படியே சொல்லுவாள். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, அவள் என்னை எங்கேயோ அனுப்பிவைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

இருபதாவது வழியை முடித்த அன்று கேட்டாள்.

"நம்ம பக்கம் இப்படி ஒரு வழி இருக்குமா?"

"இங்கனயா?"

"அந்தா மலை தெரியுதுல்ல. தெனமும் மாடியில இருந்து பாக்கேன். மளை பெஞ்சு விட்ட அன்னைக்கு ரொம்பக் கிட்ட வந்த மாதிரி இருக்கும். அங்கன காடு இருக்கும்ல. வழி இல்லாமயா போகும்?"

"உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"ஒம்பதாவது வரைக்கும் ஓட்டுனேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். சிவகாசியைத் தாண்டி, மல்லி வழியாகத் திருவில்லிபுத்தூர். அதுவரைக்கும் வழக்கமான ரோடு, வழக்கமான ஹாரன்தான். ஊருக்கு மேற்கே திரும்பியதும் சத்தம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. தென்னந்தோப்பு, அப்புறம் மாந்தோப்பு, நடுவில் ஒரு ஒற்றை ரோடு. வாய்க்காலில் துணி துவைக்கிற சத்தம் கொஞ்சத் தூரம் கூடவே வந்தது. பிறகு அதுவும் இல்லை. என் சைக்கிளின் செயின் காப்பு உரசிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அத்தனை வருஷமாக அது உரசிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

மலை எதிரே எழுந்து நின்றது. சிவகாசியிலிருந்து பார்க்கும்போது ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். கிட்டப் போனால் அதற்குள் பள்ளங்களும் பச்சைகளும் பாறைகளுமாக ஓர் ஊரே இருந்தது. ரோடு நேராக அதற்குள் போவதற்காகத்தான் போட்டது போலிருந்தது. நான் வேகமாக மிதித்தேன்.

அங்கேதான் வனத்துறைச் சோதனைச் சாவடி. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடி. நிழலில் ஸ்டூல் போட்டுக் காக்கிச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா?"

"சும்மா, உள்ள கொஞ்சத் தூரம் போய்ப் பாத்துட்டு வரலாம்னு."

"சும்மால்லாம் போகக் கூடாது. யான நடமாட்டம் இருக்கு. பெர்மிசன் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப அந்தா அந்தப் புளிய மரத்தடியில உக்காந்து காத்து வாங்கிட்டுத் திரும்பிப் போ." கோபமாகச் சொல்லவில்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்வதை எனக்கும் சொன்னார்.

புளிய மரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தடிக்கு அந்தப் பக்கம் பாதை கொஞ்சத் தூரம் தெரிந்தது. ஒரு வளைவில் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரம் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை நான் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"போனீகளா?"

"போனேன்."

தோப்பு, வாய்க்கால், செயின் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். புளிய மரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்ததையும் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். அவள் பேனாவை மூடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அதுக்கப்புறம்?"

'அதுக்கப்புறம் விடலை' என்று சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை. ஏற்கெனவே எங்கேயோ பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட ஒருவரை, இன்னொரு இடத்திலும் பாதியில் இறக்கிவிடுவது போல இருந்தது.

"அதுக்கப்புறம் ஒரு வளைவு" என்றேன். "காட்டுக்குள்ள போகுது. ஒரு ஏழு கிலோமீட்டர் இருக்கும்."

"வண்டி எதுவும் வரலையா?"

"ஒண்ணுகூட வரல."

"தண்ணி இருந்துச்சா?"

"ஓடை ஒண்ணு வருது. மேல மரப்பாலம் போட்டிருக்காக. தாண்டுனா எடது பக்கம் பாறையில ஊத்து மாதிரி விழுகுது. குடிச்சேன்."

சொல்லும்போதே அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது போலிருந்தது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அப்போது வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், மண்ணில் இறங்கி ஒரு லாரிக்கு வழி விட்டு நின்றபோதுதான் வந்தது.

அடுத்த நாள், வேலை நேரம் முடிந்து அண்ணன் வருவதற்குள், அந்த வழிக்கும் இரண்டு பக்கம் செய்தோம். புத்தகத்தில் நாற்பது வழி. இது நாற்பத்தொன்று. வரைபடத்தை நான் கம்ப்யூட்டரில் வரைந்தேன். விவரத்தை அவள் தமிழில் எழுதினாள். 'மாந்தோப்பு முடியுமிடத்தில் புளிய மரம். நிழல் உண்டு. இங்கிருந்து ஏழு கிலோமீட்டருக்கு மோட்டார் வாகனம் கிடையாது.' ஏற்ற இறக்கக் கோட்டை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது என்று என்னைக் கேட்டாள். பாலத்துக்குப் பிறகு இறக்கம் என்றேன். மூலையில் அந்தக் கார் வட்டத்தை ஒட்டினேன். வீணான தாளின் பின்பக்கத்தில் ஒரு பிரதி எடுத்தோம். அதையும் சிவப்புப் பேனாவால் திருத்தினாள். ஒற்று விட்டுப்போயிருந்த ஓர் இடத்தில் ஒரு 'க்' போட்டாள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனேன். என்றைக்காவது உள்ளே விடுவார்கள், போய்ப் பார்த்துவிட்டால் சொன்னதை உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். காவலர் என்னைத் தெரிந்துகொண்டார். "வந்துட்டியா? உன் எடத்துல உக்காரு" என்பார். புளிய மரத்தடியில் உட்கார்ந்து, அந்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை அதைச் சொல்லுவேன். ஒரு வாரம் மான் வந்தது. ஒரு வாரம் பாதையில் மஞ்சள் பூ கொட்டிக் கிடந்தது, டயரில் ஒட்டிக்கொண்டு சுற்றியது. அவள் ஒவ்வொன்றையும் அந்தத் தாளில் பொடி எழுத்தில் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த நாட்களில் எனக்கு ஞாயிறு முழுக்கத் திங்களுக்காகவே இருந்தது. மிதிக்கும்போது பார்க்கிற எதையும், இதை எப்படிச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். அவளுடைய தெரு எது, என்னுடைய ஊர் எது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் ஒரு ரோட்டைப் பற்றித்தான்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள்.

"ஞாத்திக்கெழம நாங்க போறோம்."

"எங்க?"

"நம்ம வழிக்குத்தான். அண்ணன்ட்ட ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தேன். மதினியும் சேந்து சொன்னாக. வேன் பிடிச்சிருக்கு, அத்தா, அம்மா, எல்லாரும்."

சனிக்கிழமை முழுக்கச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்புகிற நேரத்தில்தான் கொஞ்சம் வந்தது.

"அங்கன ஒரு கேட்டு இருக்கு. சில நாள் உள்ள விட மாட்டாக."

"உங்கள விட்டாகல்ல?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே ஹாரன் அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் மலைப்பக்கம் போகவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. வெம்பக்கோட்டை அணைக்கரையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் அடியில் கிடந்தது. இப்போது திருவில்லிபுத்தூர் தாண்டியிருப்பார்கள், இப்போது தோப்பு வந்திருக்கும், இப்போது அந்த மூங்கில் தடி என்று வெயில் ஏற ஏற மனதுக்குள் அவர்களோடு போய்க்கொண்டிருந்தேன். காவலர் அவளுடைய அத்தாவிடம் என்ன சொல்லுவார் என்று நினைத்துப் பார்த்தேன். 'யாரும்மா சொன்னா உனக்கு, உள்ள போகலாம்னு?' என்று அண்ணன் கேட்பது காதில் விழுந்தது. அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற இடத்துக்கு வந்ததும், எழுந்து கரையில் நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

திங்கட்கிழமை அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் வந்தாள். பையை வைத்தாள். பேனாவை எடுத்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போனோம்" என்றாள்.

"ம்."

"நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் நீங்க சொல்லல."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"அந்த மரப்பாலத்துல நடுவுல ஒரு பலக ஆடுது. சைக்கிள்ல போறவுக எறங்கித்தான் போகணும். அதச் சொல்லாம விட்டுட்டீக."

திரும்பிப் பார்த்தேன். கேலியா, கோபமா என்று அவள் முகத்தில் தேடினேன். இரண்டும் இல்லை. இழுப்பறையிலிருந்து எங்கள் தாளை எடுத்து, பாலம் வருகிற வரியில் ஒரு கூட்டல் குறி போட்டு, ஓரத்தில் எழுதினாள்: 'பாலத்தில் ஒரு பலகை ஆடும். இறங்கித் தள்ளிச் செல்லவும்.' எழுதிவிட்டுத் தாளை உள்ளே வைத்துப் பூட்டினாள். பிறகு முப்பத்தெட்டாம் வழியின் கடைசிப் புரூஃபை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இல்லாத பாலத்தில் ஒரு பலகை ஆடுகிறது என்று ஒரு ஆள் வந்து சொன்னால் என்ன செய்வது? அவளை உள்ளே விட்டிருக்கிறார்கள், அங்கே நிஜமாகவே ஒரு பாலம் இருந்திருக்கிறது என்றுகூட ஒரு கணம் நம்பப் பார்த்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என் பொய்யை முதலில் நான் எடுத்து வைக்க வேண்டும். வைக்கவில்லை. நாட்கள் போயின.

புத்தகம் அச்சாகி, பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடிக்குப் போனது. எங்களுக்கு ஆளுக்கொரு பிரதி கிடைத்தது. மத்தியானக் கால் மணி நேரத்துக்குப் படிக்க இனி வழி இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் இரண்டு பேரும் இடத்தை விட்டு எழுந்துபோக மாட்டோம். மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மேலப்பாளையம் பக்கம், துணி வியாபாரம். அவளாக என்னிடம் சொல்லவில்லை. மேனேஜர் வந்து, "அடுத்த மாசத்துல இருந்து புரூஃபுக்கு வேற ஆள் பாக்கணும்" என்று சொன்னபோது தெரிந்தது. அவள் குனிந்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். சாயங்காலம் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, இனிமேல் சொல்ல நாள் இல்லை என்று எனக்கு உறைத்தது.

"ஒரு விசயம். அந்தக் கேட்டத் தாண்டி நான் ஒருநாளும் போனதே இல்ல."

"தெரியும்" என்றாள்.

"எப்ப? நீங்க போன அன்னைக்கா?"

"மொத நாளே தெரியும்." இழுப்பறையில் தன் சாமான்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "மரப்பாலம், எடது பக்கம் பாறை, ஊத்துத் தண்ணி, அப்புறம் எறக்கம். பதினேழாவது வழி. நான்தான உங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன். மூணு தடவ புரூஃப் பாத்த பக்கம். எனக்கு மறக்குமா?"

"அப்புறம் ஏன் வேன் பிடிச்சுப் போனீக?" என்று கேட்டேன்.

"நீங்க எது வரைக்கும் போனீகன்னு பாக்கணும்னு இருந்துச்சு." நிமிர்ந்தாள். "எங்களயும் உள்ள விடல. அந்தப் புளிய மரம் இருந்துச்சு. அதுக்கடியிலதான் எல்லாரும் உக்காந்து நெய்ச்சோறு சாப்பிட்டோம். அங்கன இருந்து அந்த வளைவு தெரியுதுல்ல. மதினி, என்னத்த அப்படிப் பாக்குறேன்னு கேட்டாக. ஒண்ணுமில்லன்னேன்."

"அப்ப அந்தப் பலக?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்தாள்.

"ரெண்டு மாசமா நீங்க ஒத்தயாளா அந்தப் பாலத்தக் கட்டிக்கிட்டு இருந்தீக. ஒரு பலகயாவது நானும் போட வேண்டாமா?"

வாசலில் ஹாரன் அடித்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாரேன்" என்றாள். படியிறங்குகிற சத்தம் கேட்டது, மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்தத் தாளை அவள் கொண்டுபோய்விட்டாள் என்பது மறுநாள் இழுப்பறையைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஒரு தடவை அவளுடைய அண்ணனை பஜாரில் பார்த்தேன். "தங்கச்சி நல்லாருக்காங்களா?" என்று கேட்க நினைத்து, "மொபெட்ட மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

நாலைந்து வருஷம் போயிற்று. எனக்கும் கல்யாணம் ஆனது. அம்மா கம்பெனிக்குப் போவதை நிறுத்தினாள். நான் பைக் வாங்கினேன், சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். மலையை அச்சக மாடியிலிருந்து பார்ப்பதோடு சரி. ஒருநாள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "திருவில்லிபுத்தூருக்கு மேக்க, காட்டுக்குள்ள இருக்குற பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமன்னா யாரயும் மறிக்க மாட்டாகல்ல. காலையில போயிட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள எறங்கிறணும், அம்புட்டுத்தான்."

நான் போன அந்த இரண்டு மாதம் புரட்டாசியும் இல்லை, கிழமை சனியும் இல்லை. யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் அது எங்கள் இரண்டு பேரின் வழியாக இருக்காது என்று நினைத்தேனோ என்னவோ.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுச் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துக் கிளம்பினேன். "பைக்கு நிக்கும்போது எதுக்கு இது?" என்று மனைவி கேட்டாள். சும்மா, காலுக்கு நல்லது என்றேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ரோடு முழுக்க லோடு. திருவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் தோள் கடுத்துப்போனது. முன்பு இருந்த காவலர் இல்லை, ஓர் இளைஞர் இருந்தார். கோயிலுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றதும் தடியைத் தூக்கினார். அவ்வளவு எளிதாகத் தூக்கிவிட்டார் என்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே அந்த வளைவு வரைக்கும் நடந்தேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வளைவு. பாலம் இல்லை. ஓடை இருந்தது. அது பாதையின் மேலேயே கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஏழு கிலோமீட்டரும் இல்லை. மூன்றுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதற்கப்புறம் பெரிய பெரிய பாறைகள், கோயிலுக்குப் போகிறவர்கள் நடந்துதான் ஏற வேண்டும். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரும் அவள் கேட்டபடியேதான் இருந்தது. ஒரு வண்டி வரவில்லை. கோயிலுக்குப் போகிற கூட்டம் விடியும்போதே மேலே போய்விட்டிருந்தது. மருத மரங்கள் ரோட்டின் மேல் கவிந்திருந்தன. மேலே எங்கேயோ ஒரு மலையணில் பழத்தைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது, துணுக்குகள் இலைமேல் விழும் சத்தம் கேட்டது. ஈர மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த ஒரு வாசனை. அது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

பாறை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தேன். சில்லென்று, கொஞ்சம் இலைக் கசப்போடு இருந்தது. கசந்ததை முதலில் சொல்லலாம், பிறகு அணிலைச் சொல்லலாம் என்று மனம் தானாக அடுக்க ஆரம்பித்தது. இனி அதற்கு ஒரு திங்கட்கிழமை கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. கண் கலங்கியது என்று சொன்னால் அது சரியாக இருக்காது. பசி போல ஒன்று வயிற்றிலிருந்து ஏறி நெஞ்சில் வந்து நின்றது.

திரும்பும்போது இறக்கம். மிதிக்க வேண்டியிருக்கவில்லை. பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டேன், காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் புடைத்தது. பின்னால் வரும் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதை முழுக்க எனக்கே எனக்கு என்று கிடந்தது. நடுவிலேயே ஓட்டியிருக்கலாம். வெகுதூரம் வந்த பிறகுதான் கவனித்தேன், இடது ஓரமாகவே வந்துகொண்டிருக்கிறேன். வலது பக்கம் இன்னொரு சைக்கிள் வரும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நடுவுக்குத் திருப்பவில்லை. அப்படியே இறங்கினேன்.